கடித்தால்தான் காரம்: முட்டைக்கோஸ் குடும்பத்துக் காப்புச் சத்து

அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஏழெட்டுக் கடுகை எடுத்து நாக்கில் வையுங்கள். கடிக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். ஒரு சுவையும் தெரியாது. இப்போது நன்றாகக் கடித்து மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சுரீரென்று மூக்குக்கு ஏறும். அந்தக் காரம் நீங்கள் கடிப்பதற்கு முன்னால் கடுகுக்குள் இல்லவே இல்லை. கடித்த பிறகுதான் உண்டானது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி சாப்பிட்டால் புற்றுநோய் வராது, உடம்பிலுள்ள நச்சு போகும் என்றெல்லாம் வாட்ஸப்பில் வருகிறதே, அதில் எது நிஜம், எது கதை என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். இதை முதலில் படித்தபோது எனக்கு லாக்கர்தான் ஞாபகம் வந்தது. லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம், இன்னொன்று வங்கியிடம். ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் திறக்காது. கடுகுக் குடும்பத்துச் செடிகளும் இப்படித்தான் வைத்திருக்கின்றன. ஒரு வகைச் செல்லில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சத்து. வேறு வகைச் செல்லில் மைரோசினேஸ் என்ற நொதி. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. புழு கடித்தாலோ, அரிவாள்மணையில் நறுக்கினாலோ, நாம் மென்றாலோ செல் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன. நொதி அந்தச் சத்திலுள்ள சர்க்கரைப் பகுதியைக் கழற்றிவிடுகிறது. மிச்சம் உருமாறி ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் ஆகிறது. கடுகில் உண்டாகும் காரத்துக்கு அல்லைல் ஐசோதயோசயனேட் என்று பெயர். புரோக்கோலியில் குளுக்கோராபனின் என்ற சத்து உடைந்து சல்ஃபோராபேன் ஆகிறது. ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேசுவது இந்தச் சல்ஃபோராபேனைப் பற்றித்தான்.

முள்ளங்கி, நூல்கோல், டர்னிப், எல்லாம் இந்தக் குடும்பம். முள்ளங்கியைப் பிடுங்காமல் பூக்க விட்டுப் பாருங்கள், நாலு இதழ் சிலுவை போல இருக்கும். நம்ம முருங்கை இந்தக் குடும்பம் இல்லை, ஆனால் பங்காளி. முருங்கையிலும் குளுக்கோமோரிங்கின் என்று ஒன்று இருக்கிறது, அதே முறையில்தான் உடைகிறது. பப்பாளி விதையைக் கடித்தால் காரமாக இருப்பதும் இதனால்தான். தரிசில் முளைக்கும் நல்வேளையும் இந்த வழிதான். ஊட்டியிலிருந்து கோஸ் வந்தால்தான் இந்தச் சத்து என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. பூச்சியை விரட்டச் செய்கிறது. பெரும்பாலான பூச்சிக்கு இது விஷம். ஆனால் கோஸ் போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த வைரமுதுகு அந்துப்பூச்சி இருக்கிறதே, அது இந்தப் பூட்டை உடைக்கக் கற்றுக்கொண்ட கள்ளன். அதன் புழுவின் வயிற்றில் இன்னொரு நொதி இருக்கிறது. அது குளுக்கோசினோலேட்டிலிருந்து ஒரு பகுதியை முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடுகிறது. பிறகு மைரோசினேஸால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல், தாய் அந்து முட்டையிட இடம் தேடும்போது இந்தக் கந்தக வாசனையை வைத்துத்தான் ‘இது நம்ம வீடு’ என்று கண்டுபிடிக்கிறது. வேலியே விலாசமாகிவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பூச்சி செயற்கை மருந்துக்கு மட்டும் அடங்குமா? பயிர்ப் பூச்சிகளில் டி.டி.டி-க்கு முதலில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதாகப் பதிவானது இதுதான், 1953-ல் ஜாவாவில். கோஸும் காலிஃபிளவரும் மாறி மாறி மருந்தில் குளித்துச் சந்தைக்கு வருவதற்குப் பெரிய காரணம் இந்தச் சின்னப் புழு.

இனி மனித உடம்புக்கு வருவோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பால் தலாலே என்ற அறிவியலாளரும் அவர் குழுவும் 1992-ல் புரோக்கோலியிலிருந்து சல்ஃபோராபேனைப் பிரித்தெடுத்து, அது என்ன செய்கிறது என்று எழுதினார்கள். நம் செல்லுக்குள் நச்சைக் கழுவி வெளியேற்றும் நொதிகள் இருக்கின்றன. அவற்றை வேலைக்கு எழுப்பும் புரதத்தின் பெயர் என்.ஆர்.எஃப்.2. சாதாரணமாக அதைக் கீப்1 என்ற இன்னொரு புரதம் பிடித்து உட்கார வைத்திருக்கும். சல்ஃபோராபேன் வந்து கீப்1-ல் ஒட்டிக்கொண்டால் பிடி தளர்கிறது. என்.ஆர்.எஃப்.2 செல்லின் உட்கருவுக்குப் போய் மணியடிக்கிறது. கழிவு நீக்கும் நொதிகள் அதிகமாக உற்பத்தியாகின்றன. சல்ஃபோராபேன் தானே போய் நச்சை அழிப்பதில்லை, தூங்குகிற காவல்காரனைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். புழுவை விரட்டும் காரம் நம் உடம்பையும் லேசாகச் சீண்டுகிறது, உடம்பு சுதாரித்துக்கொள்கிறது.

இது கண்ணாடிக் குழாயில் நடப்பது மட்டுமில்லை. சீனாவில் யாங்சி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சீதோங் என்ற பகுதி. காற்று மாசு அதிகம். அங்கே 291 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குப் புரோக்கோலி முளையில் செய்த பானமும் மற்றவர்களுக்கு அது கலக்காத பானமும் 12 வாரம் கொடுத்தார்கள். முளைப் பானம் குடித்தவர்களின் சிறுநீரில் பென்சீன் கழிவு 61 சதவீதம் கூடுதலாக வெளியேறியது. அக்ரோலின் என்ற புகை நச்சு 23 சதவீதம் கூடுதல். 2014-ல் வெளியான முடிவு இது. மூச்சோடு உள்ளே போன நச்சை உடம்பு வேகமாக வெளியே தள்ளியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள். அந்த ஆய்வு அளந்தது நச்சு வெளியேறியதை. புற்றுநோய் குறைந்ததா என்று அது பார்க்கவில்லை, 12 வாரத்தில் பார்க்கவும் முடியாது.

இந்த வித்தியாசத்தை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்தும் வாரச் சந்தைக்குப் போன தை மாசம் ஓர் அம்மா வந்தார். “சார், உங்க கோஸு மருந்தடிக்காததுதானே? வாரம் பத்து கிலோ வேணும். ஜூஸ் போட்டுக் குடிச்சா கேன்சர் கரைஞ்சிடுமாம். வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி தேதி இருக்கு. போக வேணாம்னு இருக்கோம்” என்றார். பத்து கிலோ என்பது எங்கள் கடைக்கு நல்ல வியாபாரம். நான் சொன்னேன்: “அம்மா, இது நல்ல காய், விஷமில்லாத காய். ஆனா இது மருந்து இல்லே. வந்த நோயைக் கரைக்கும்னு யாரும் நிரூபிக்கல. தேதியைத் தவற விடாதீங்க. என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம்னு டாக்டர்கிட்டே கேட்டுட்டு வாங்க, நான் எடுத்து வைக்கிறேன்.” பக்கத்தில் நின்ற நம்ம தோழர் ஒருவருக்கு முகம் சுருங்கியது. ‘நாமே இப்படிச் சொன்னா இயற்கை விளைபொருள் எப்படிங்க விக்கும்?’ என்று பிறகு கேட்டார்.

விற்காமல் போனாலும் பரவாயில்லை என்பதுதான் என் கட்சி. புற்றுநோய், சர்க்கரை போன்ற பட்டியலிலுள்ள நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனுஷன் சிகிச்சையைக் கைவிட்டு நம்ம கோஸை நம்பிப் போனால் அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வங்கியில் திரும்பி வராது என்று தெரிந்த கடனுக்குக் கையெழுத்துப் போட மாட்டோம். அதைப் போலத்தான்.

தலாலே குழு 1997-ல் இன்னொன்று கண்டுபிடித்தது. மூன்று நாள் வயசான புரோக்கோலி முளையில், முற்றிய பூவைவிட 10 முதல் 100 மடங்கு வரை குளுக்கோராபனின் இருக்கிறது. விதையிலிருக்கும் சத்து அப்படியே முளையில் இருக்கிறது, செடி வளர வளர விரவிக் குறைகிறது. உடனே என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். காப்புரிமை! அந்தச் சத்து மிகுந்த முளைகளை வளர்ப்பதற்கும் உண்பதற்கும் பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. முளை விளைவித்து விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றது. முளையைச் சனங்கள் முன்பிருந்தே வளர்த்துச் சாப்பிட்டு வருகிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்ததால் முளை புதுப் பொருளாகிவிடாது என்பது அதன் சாரம்.

ஐரோப்பாவில் கதை இன்னும் நீளம். இத்தாலியின் சிசிலித் தீவில் காட்டுக் கோஸ் ஒன்று உண்டு. அதைச் சாதாரணப் புரோக்கோலியோடு ஒட்டுச் சேர்த்து, குளுக்கோராபனின் கூடுதலாக உள்ள ரகத்தை இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். மரபணு மாற்றமில்லை, நம்ம தாத்தாக்கள் செய்த அதே கலப்பு முறைதான். அதற்கும் காப்புரிமை. கலப்பு செய்யும் வழிமுறைக்குக் காப்புரிமை கிடையாது என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் உயர் அமர்வு 2010-ல் சொன்னது. அப்படி வந்த செடிக்கு மட்டும் உண்டு என்று 2015-ல் சொன்னது. பிறகு 2020-ல் அதையும் மாற்றி, இயற்கை முறைக் கலப்பில் மட்டுமே வந்த செடிக்கும் கிடையாது என்றது. இதற்கு நடுவில் அங்கே உழவர் அமைப்புகள் தெருவில் நின்று போராடின. ‘சத்து கூடுதல்’ என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருந்தால், அந்தச் சத்து யாருடைய காட்டிலிருந்து வந்தது என்றும் நாம் கேட்கலாம்.

சரி, சமையலறைக்குப் போவோம். விவசாயி எவ்வளவு பாடுபட்டு விளைவித்தாலும் கடைசி சாவி அங்கேதான் இருக்கிறது.

மைரோசினேஸ் சூட்டுக்குத் தாங்காது. நறுக்கியவுடன் கொதிக்கிற தண்ணீரில் கோஸைப் போட்டால் நொதி செத்துவிடும். குளுக்கோசினோலேட் தண்ணீரில் கரைந்து வடிந்துவிடும். அந்தத் தண்ணீரையும் நாம் சாக்கடையில் கொட்டுவோம். குடலிலுள்ள நுண்ணுயிர்கள் மிச்சத்தைக் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கும், ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். புரோக்கோலி என்றால் சின்னதாக நறுக்கி முக்கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு சமைக்கலாம். அதற்குள் சல்ஃபோராபேன் உண்டாகிவிடும். அது நொதியைப் போல உடனே சூட்டில் கெடாது. முட்டைக்கோஸில் உண்டாகும் காரப்பொருளில் ஒரு பகுதி ஆவியாகிப் போகக்கூடியது. அதனால் அதை ரொம்ப நேரம் திறந்து வைப்பதில் லாபமில்லை. கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, மூன்று நாலு நிமிஷத்தில் இறக்கிவிடுவது நல்லது. பல்லில் நறுக்கென்று இருக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி கடுகுப்பொடி. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2018-ல் 12 பேரை வைத்துப் பார்த்தார்கள். வேகவைத்த 200 கிராம் புரோக்கோலியை வெறுமனே ஒரு முறை, அதே அளவில் 1 கிராம் கடுகுப்பொடி தூவி ஒரு முறை கொடுத்தார்கள். பொடி தூவிச் சாப்பிட்டபோது உடம்பில் சேர்ந்த சல்ஃபோராபேன் நாலு மடங்குக்கும் மேல். வெந்த காயில் செத்துப்போன நொதிக்குப் பதிலாகக் கடுகின் நொதி வந்து வேலை செய்திருக்கிறது. அது நம் வீட்டில் புழங்கும் அதே இனத்துக் கடுகுதான்.

‘நாங்கதான் தினமும் கடுகு தாளிக்கிறோமே’ என்பீர்கள். தாளிப்பில் கடுகு வெடிக்கும்போதே அதன் நொதி போய்விடுகிறது. அதனால்தான் தாளித்த கடுகு காரமில்லாமல் வறுத்த வாசனையோடு இருக்கிறது. சந்தேகமிருந்தால் இரண்டு தம்ளரில் கடுகுப்பொடி போட்டு, ஒன்றில் பச்சைத் தண்ணீரும் மற்றதில் கொதிநீரும் ஊற்றிப் பத்து நிமிஷம் கழித்து முகர்ந்து பாருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றியதுதான் மூக்கில் ஏறும். நாகர்கோவில் பக்கம் வெள்ளரிக்காய் கிச்சடிக்குப் பச்சைக் கடுகைத் தேங்காயோடு அரைத்துச் சேர்ப்பார்கள், ஆந்திராவில் ஆவக்காய் ஊறுகாய்க்கு வறுக்காத கடுகை இடித்துப் போடுவார்கள். எங்கள் வீட்டில் கோஸ் பொரியலை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கால் டீஸ்பூன் பச்சைக் கடுகுப்பொடி தூவிப் பிரட்டுகிறோம். அதிகமானால் கசக்கும். என் வீட்டம்மா முதலில் முகம் சுளித்தார், இப்போது தேங்காய்ப் பூவோடு சேர்த்துத் தூவுகிறார்.

தைராய்டு இருப்பவர்கள் சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பயம் வந்த கதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில்தான் தொடங்கியது. 1928-ல் அங்கே முட்டைக்கோஸையே முக்கிய உணவாகத் தின்ற முயல்களுக்குக் கழுத்துக்கழலை வந்ததைக் கண்டார்கள். இந்தக் குடும்பத்துச் சத்துகளில் சில, தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதற்குத் தடை போடுகின்றன. அயோடின் போதுமான அளவு உள்ளவர்கள் சமைத்து அளவோடு சாப்பிடுவதில் பயமில்லை. பச்சையாக லிட்டர் கணக்கில் சாறு குடிப்பது வேறு விஷயம், அது வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கீரை, கோஸ் வகைகளிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிர் வேலை செய்யும்.

முளை கட்டிச் சாப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விதைக்கடையில் ரோஸ் நிறத்தில் பூச்சோடு வரும் புரோக்கோலி, முள்ளங்கி விதையை முளை கட்டவே கூடாது. அது பூஞ்சாணக் கொல்லி பூசியது. நேர்த்தி செய்யாத விதை, சுத்தமான தண்ணீர், இரண்டும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கெட்ட கிருமிகளுக்கும் பிடிக்கும்.

இயற்கை முறையில் விளைந்ததில் இந்தச் சத்து கூடுதலா? ‘ஆமாம்’ என்று அடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. சிலவற்றில் கூடுதல், சிலவற்றில் வித்தியாசமில்லை. ரகமும் பருவமும் மண்ணும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. குளுக்கோராபனினில் மூன்று கந்தக அணுக்கள் இருக்கின்றன. மண்ணில் கந்தகம் குறைந்தால் செடி எதை வைத்துச் செய்யும்? தழைச்சத்தை மட்டும் வாரிக் கொட்டிக் கந்தகத்தை மறந்தால் கோஸ் தளதளவென்று பெருக்கும், காரச்சத்து குறையும். யூரியா போடுகிறவர்களுக்கு மட்டுமில்லை, கோழி எரு மேல் கோழி எரு கொட்டும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். மண் பரிசோதனையில் கந்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு என்றால் மக்கிய தொழு உரம், பிண்ணாக்கு. அதற்கும் மேல் தேவைப்பட்டால் கனிம ஜிப்சம், நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே அதுதான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தங்கள் சான்றளிப்பு அமைப்பிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதே வேதியியலை வயலில் மருந்தாகவும் பயன்படுத்தலாம். மண்ணைப் புகையூட்ட மெத்தாம் சோடியம் என்று ஒரு ரசாயனம் உண்டு. மண்ணில் அது உடைந்து வெளிவிடுவது மெத்தில் ஐசோதயோசயனேட். நல்வேளை இலையைக் கசக்கினால் வரும் அதே பொருள்! கடுகை நெருக்கமாக விதைத்து, பூக்கிற சமயத்தில் பொடியாக வெட்டி, அன்றைக்கே மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் மண்ணுக்குள் காரப்பொருள் பரவி, வேரழுகல் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும். ஆஸ்திரேலியாவில் இதற்கு உயிர்ப்புகையூட்டம் என்று பெயர் வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பலன் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வருவதில்லை. வெட்டிப்போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு உழுதால் காற்றோடு போய்விடும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் நிலத்தில் யோசித்துச் செய்யுங்கள், கடுகு வேரிலும் அது வளரும். நல்ல நுண்ணுயிர்களும் கொஞ்சம் அடிபடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் விட்டு, தொழு உரம் போட்டபின் நாற்று நடலாம். தக்காளி, கத்தரிக்கு முன்னால் செய்யலாம். கோஸுக்கு முன்னால் வேண்டாம், அதே குடும்பத்து நோய்கள் தொடரும்.

கோஸ் வயலில் கடுகுக்கு வேறு வேலை இருக்கிறது. வைரமுதுகு அந்து வாசனையை வைத்து வீடு தேடுகிறது என்றேன் அல்லவா? கோஸைவிடக் கடுகு வாசனை அதற்குப் பிடிக்கும். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்பது இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு. ஒரு வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்னாலும், அடுத்ததை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் விதைத்தால் கோஸ் கட்டும் சமயத்தில் கடுகு முற்றிக் காய்ந்துபோகும், அந்து கோஸுக்கே திரும்பிவிடும். கடுகு இலையில் புழு தெரிந்ததும் அந்த வரிசைக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலத்தில் அடியுங்கள். அசுவினியும் கடுகில்தான் முதலில் ஏறும், பொறிவண்டும் அங்கேதான் வந்து சேரும். வண்டு கண்ணில் பட்டால் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து அடிக்கலாம். கடைசி வரிசைக் கடுகு முற்றியதும் காய் வெடிக்கும் முன் காலை ஈரத்தில் அறுத்துத் தட்டிக்கொள்ளுங்கள். அடுத்த போகத்து விதைக்குக் கால் கிலோ எடுத்து வைத்துவிட்டு மீதியை அடுப்படிக்குக் கொடுத்துவிடலாம்.